தாத்தாவிடம் எப்போது விடைபெறுவது?

வாசகர் கேள்வி:

எனக்கு 29 வயது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தவர் தாத்தாதான். அவருக்கு இப்போது 84 வயது. கணையத்தில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோதெரபியால் பயனில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று மாதங்கள் இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தைதான் உடனிருந்து கவனித்துக்கொள்கிறார். நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். மிச்சமிருக்கும் விடுப்பை இப்போது எடுப்பதா, கடைசி நேரத்துக்கென்று வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நோயின் உண்மை நிலையைத் தாத்தாவிடம் சொல்லக் கூடாது என்று அப்பாவும் பெரியப்பாவும் உறுதியாக இருக்கிறார்கள். அப்படியிருக்க நான் எப்படி அவரிடம் விடைபெறுவது? மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் படிப்பைப் பாதியில் விட்டபோது, "எனக்குப் புத்தி சொல்ல நீங்கள் யார்?" என்று அவரைக் கேட்டுவிட்டேன். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை. அவர் முன்னால் அழுதுவிடுவேனோ, கடைசி மூச்சின்போது பக்கத்தில் இல்லாமல் போய்விடுவேனோ என்ற பயம் தூங்க விடுவதில்லை. அவர் சரியாகச் சாப்பிடாததால் டியூப் போடலாமா என்று வீட்டில் தினமும் வாக்குவாதம். அக்காவின் ஏழு வயது மகளை அழைத்துவரலாமா என்பதும் முடிவாகவில்லை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளில் முதலாவதற்குத் தயக்கமில்லாமல் விடை சொல்கிறேன். இருக்கும் விடுப்பை இப்போதே எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். விடைபெறுதல் என்றதும் நாம் எல்லோரும் கடைசி மணி நேரத்தையே நினைக்கிறோம். படுக்கையைச் சுற்றிக் குடும்பம் நிற்க, நோயாளி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கண்மூடுவதாக ஒரு காட்சி நம் மனத்தில் பதிந்திருக்கிறது. வலி தணிப்பு, ஆதரவுச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவராக நான் அருகிருந்து பார்த்த இறப்புகளில் அப்படி நடந்தவை மிகவும் குறைவு. பெரும்பாலானவர்கள் கடைசி நாள்களை உறக்கத்திலோ மயக்கத்திலோதான் கழிக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் நோய் கல்லீரலுக்கும் பரவியிருப்பதால், அந்த உறுப்பு தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும்போது இரத்தத்தில் கழிவுகள் தேங்கி, மூச்சு நிற்பதற்குப் பல நாள்கள் முன்பே தூக்கக் கலக்கமும் மனக்குழப்பமும் வந்துவிடக்கூடும். ஆகவே அவர் இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருப்பார் என்று கணக்குப் போடுவதைவிட, எத்தனை நாள் உங்களோடு பேசும் நிலையில் இருப்பார் என்று யோசித்து முடிவெடுங்கள்.

இரண்டு மூன்று மாதங்கள் என்று மருத்துவர் சொன்னதையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய திறமையைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரிடமும் உள்ள இயல்பு இது. சிகாகோவில் இறுதிக்கட்ட நோயாளிகள் 468 பேரைப் பற்றி அவர்களுடைய மருத்துவர்கள் சொன்ன கணிப்புகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவற்றில் ஐந்தில் ஒரு கணிப்பு மட்டுமே ஏறத்தாழச் சரியாக இருந்தது. 63 விழுக்காட்டுக் கணிப்புகள், நோயாளி உண்மையில் வாழ்ந்த காலத்தைவிட மிகுதியாகச் சொல்லப்பட்டிருந்தன. மருத்துவருக்கும் நோயாளிக்கும் பழக்கம் நீளநீளக் கணிப்பு இன்னும் பிசகியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. பழகிய மனிதரைப் பற்றி நல்லதையே நினைக்க மனம் விரும்புகிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

எண்ணிக்கையைவிட நம்பத்தக்க ஒரு வழி உண்டு. மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று பாருங்கள். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும்தான் வித்தியாசம் தெரிகிறதென்றால் மாதக்கணக்கில் காலம் இருக்கலாம்; வாரத்துக்கு வாரம் தளர்ந்தால் வாரங்கள்; நேற்று நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்று படுக்கையிலேயே இருக்கிறார், நேற்றுப் பேசியவர் இன்று தலையை மட்டும் அசைக்கிறார் என்றால் நாள்கள்தான். அத்தையிடம் தொலைபேசியில் இதை மட்டும் கேட்டாலே ஓரளவு தெரிந்துவிடும். முடிந்தால் விடுப்பு முழுவதையும் ஒரே தடவையில் செலவிடாமல், இப்போது நான்கைந்து நாள், பிறகு வார இறுதிகளோடு சேர்த்து ஓரிரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இறந்தபின் நடக்கும் காரியங்களுக்காக விடுப்பை மிச்சம் பிடிக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். அவர் கண் விழித்து "வந்துட்டியா?" என்று கேட்கும் நாளுக்குத்தான் அந்த விடுப்பு அதிகம் பயன்படும்.

அடுத்து, உண்மையை மறைப்பது பற்றி. அப்பாவும் பெரியப்பாவும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். உண்மை தெரிந்தால் மனம் உடைந்து இருக்கிற நாளும் குறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். ஆனால் 84 ஆண்டுகள் வாழ்ந்த ஒருவருக்குத் தன் உடம்பு தெரியாதா? கைக்கடிகாரம் மணிக்கட்டில் தொங்குவதை அவர் பார்க்கிறார். மருத்துவர் வந்தால் பிள்ளைகள் அவரை வாசலுக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசுவதையும், ஊசியும் ஸ்கேனும் திடீரென்று நின்றுபோனதையும், ஆண்டுக்கணக்கில் எட்டிப்பார்க்காத உறவினர்கள் வரிசையாக வந்து போவதையும் கவனிக்கிறார். இப்படி மறைக்கப்பட்ட நோயாளிகளில் கணிசமானவர்கள் தாங்களாகவே ஊகித்துக்கொண்டு, பிள்ளைகள் வருந்துவார்களே என்று தங்கள் பங்குக்கு மறைப்பதை நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். ஒரு வீட்டில், பாட்டியின் கால் நகங்களை வெட்டிவிட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவியிடம் அந்த அம்மையார் அலமாரியில் எது யாருக்குச் சேர வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, "உங்கப்பன்கிட்ட இப்போ சொல்லிடாதே, பயந்துடுவான்" என்றாராம். அவளுடைய அப்பாவோ, அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்றே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்காக நீங்கள் குடும்பத்தின் பேச்சை மீறித் தாத்தாவிடம் போய் நோயின் பெயரை உடைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது உங்கள் வேலையும் அன்று. அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்பது மருத்துவரின் கடமை. "உங்கள் உடம்பு பற்றி முழு விவரமும் நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, இல்லை மகன்களிடம் பேசிக்கொள்ளட்டுமா?" என்று நாங்கள் கேட்போம். "எல்லாத்தையும் பையன்கிட்டயே சொல்லிடுங்க" என்று சொல்லும் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. அது அவர்கள் எடுத்த முடிவு. அதை மதிக்க வேண்டும். எனக்கே சொல்லுங்கள் என்பவரிடம் மறைக்க யாருக்கும் உரிமையில்லை. அப்பாவிடம் நீங்கள் வாதாடுவதற்குப் பதிலாக இந்த ஒரு கேள்வியை மட்டும் வையுங்கள்: "தாத்தா தானாகவே நேராகக் கேட்டால் நாம் என்ன சொல்லப்போகிறோம் அப்பா?" பல வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

ஒருவேளை அவர் உங்களிடமே கேட்டுவிடலாம். பேரன் பேத்திகளிடம்தான் முதியவர்கள் இதைக் கேட்கிறார்கள். "நான் இனிமே எழுந்து நடமாட மாட்டேனாடா?" என்பார். "சும்மா இருங்க தாத்தா, அடுத்த மாசம் ஓடுவீங்க" என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அப்படிச் சொன்னால் அவர் அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்வார். இன்னொரு முறை அந்தத் துணிவு வருமா என்பது தெரியாது. "ஏன் தாத்தா அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் பேசட்டும். "ரொம்ப முடியல" என்றால், "ஆமாம் தாத்தா, பார்க்கவே தெரியுது" என்று ஒப்புக்கொள்ளுங்கள். பதில் தெரியாத கேள்வியாக இருந்தால், "எனக்குத் தெரியல தாத்தா, ஆனா எதுவா இருந்தாலும் நாங்க கூட இருப்போம்" என்பது உண்மை; அதைச் சொல்லலாம். வலிக்குமோ, மூச்சுத் திணறுமோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற மூன்று பயங்கள்தான் பெரும்பாலான முதியவர்களின் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கின்றன. எந்தப் பயம் என்று தெரிந்துவிட்டால் அதற்கு நாங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

சாவு என்ற சொல்லை எடுக்காமலேயே நீங்கள் சொல்ல நினைப்பதையெல்லாம் சொல்லிவிட முடியும். "நீங்க எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க" என்று பொதுவாகச் சொல்வதைவிட, குறிப்பாக ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் படித்த இரவுகளில் உங்களோடு விழித்திருந்தாரா? சைக்கிள் பழகியபோது சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாரா? கணக்கு வராத பிள்ளையென்று மற்றவர்கள் சொன்னபோது உங்கள் பக்கம் நின்றாரா? எதுவானாலும், நடந்தது என்ன, அது உங்களுக்குள் என்னவாக இருக்கிறது என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். தன் வாழ்க்கை வீண்போகவில்லை என்று ஒரு முதியவர் அறிந்துகொள்ள அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

பெற்றுக்கொள்வதும் விடைபெறுதலில் ஒரு பகுதி என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். தாத்தாவுக்கும் கொடுக்க ஏதோ இருக்கும். யாராவது கேட்டால்தான் கொடுப்பார். கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், இறுதிக்கட்ட நோயாளிகளிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டுப் பதிவுசெய்து, அதை எழுத்தாக்கி, திருத்தி, குடும்பத்துக்கு விட்டுச்செல்லும் ஆவணமாக அவர்களிடமே திருப்பிக் கொடுக்கும் ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். நீங்கள் அவ்வளவு முறையாகச் செய்ய வேண்டியதில்லை. "உங்க வாழ்க்கையிலே எந்தக் காலம் ரொம்பச் சந்தோஷமா இருந்தது?", "நீங்க செஞ்சதிலே எதை நெனச்சாப் பெருமையா இருக்கு?", "நான் எதை விடாம பார்த்துக்கணும்?" என்ற கேள்விகளில் ஒன்றைத் தொடங்கிவைத்தால் போதும். அவர் சம்மதித்தால் கைபேசியில் குரலைப் பதிவுசெய்யுங்கள். தெரியாமல் பதிவுசெய்ய வேண்டாம்.

உட்காரும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல சொற்கள் அதனால்தான் பல வேளைகளில் போய்ச் சேராமல் போகின்றன. கட்டிலருகே நின்றுகொண்டு பேசாதீர்கள். தாழ்வான நாற்காலியை இழுத்துப்போட்டு, உங்கள் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் வரும்படி, நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் உட்காருங்கள். அவருடைய கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள்; காதுக்கருவி இருந்தால் அதில் பேட்டரி ஓடுகிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். கையைப் பிடிக்கும்போது உங்கள் கையை அவர் கைக்குக் கீழே வையுங்கள். மேலிருந்து பிடித்தால் இழுத்துக்கொள்ளும் வலு அவருக்கு இருக்காது. கீழிருந்தால் அவர் விரும்பும்வரை வைத்திருந்து, வேண்டாமென்றால் எடுத்துவிடுவார். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம் காத்திருங்கள். இருபது நிமிடம் பேசியபின் கண் செருகினால் அது சோர்வுதான், உங்கள் மேல் ஆர்வமின்மை அல்ல. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருங்கள். அதுவும் அவருக்குத் துணைதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். ஆனால் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். மன்னிப்புக் கேளுங்கள். ஒரே முறை, சுருக்கமாக, முதல் இரண்டு நாள்களுக்குள், வேறு யாரும் அறையில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். "தாத்தா, படிப்பை விட்டப்போ உங்ககிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசிட்டேன். இன்னும் உறுத்துது. மன்னிச்சுடுங்க." இவ்வளவுதான். அன்று ஏன் அப்படிப் பேசினீர்கள் என்ற விளக்கம் வேண்டாம். அந்தச் சொல்லை மறுபடி உச்சரிக்கவும் வேண்டாம். உங்களைத் தேற்றும் வேலையை அவர் தலையில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சாகக் கிடக்கும் தாத்தா எழுந்து உட்கார்ந்து "பரவாயில்லடா, அழாதே" என்று பத்து நிமிடம் சமாதானப்படுத்த வேண்டியிருந்தால், மன்னிப்புக் கேட்டதன் பயன் உங்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். "எப்போடா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று அவர் சொல்லக்கூடும். உண்மையிலேயே மறந்திருக்கலாம், மறந்ததுபோல் காட்டலாம். இரண்டில் எதுவென்று ஆராயாதீர்கள். "ஆமாம், அன்னைக்கு வலிச்சுது" என்று சொன்னாரென்றால், "தெரியும் தாத்தா" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். நீங்கள் போவதற்குள் அவர் தெளிவிழந்துவிட்டாலும் இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

அழுகை வந்தால் அழலாம். "உங்களைப் பார்த்தா கண் கலங்குது தாத்தா, ஒண்ணுமில்ல" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தால் அவருக்கு எந்தக் கெடுதலும் வராது. அடக்க முடியாமல் பொங்கி வரும்போது மட்டும் ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கல்லாக முகத்தை வைத்துக்கொண்டு வானிலையைப் பற்றிப் பேசும் உறவினர்களால்தான் நோயாளிகள் தனிமையை மிகுதியாக உணர்கிறார்கள்.

டியூப் பற்றி வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். அப்பாவுக்குத் தன் தந்தை பட்டினி கிடந்து சாகிறாரே என்ற துயரம். மருத்துவ உண்மை வேறு. முற்றிய புற்றுநோயில் உடம்பு உணவைப் பயன்படுத்தும் விதமே மாறிவிடுகிறது. பசியும் தானாகவே அடங்கிவிடுகிறது. வலுக்கட்டாயமாக உள்ளே செலுத்துவது தசையாகவோ தெம்பாகவோ மாறுவதில்லை. சாப்பிடாததால் நோய் முற்றுகிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு, நோய் முற்றியதால்தான் சாப்பிட முடியவில்லை. இந்தக் கட்டத்தில் மூக்கு வழியாகக் குழாய் போட்டால் பொதுவாக ஆயுள் நீளுவதில்லை. தொண்டையில் உறுத்தல், வாந்தி, உணவு நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து, குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்ட வேண்டிய கொடுமை என்று துன்பங்கள்தான் கூடுகின்றன. கடைசி நாள்களில் ஏற்றும் டிரிப்ஸ் நீரும் உடம்பில் தங்கிக் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேரக்கூடும். குடலில் அடைப்பு போன்ற தனிக் காரணம் இருந்தால் மருத்துவர் வேறு முடிவெடுக்கலாம். அதை அவரிடமே கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

ஆனால் அப்பாவிடம் "டியூப் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவரை வெறுங்கையோடு விட்டுவிடாதீர்கள். ஊட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு. அதற்கு மாற்றாக அவர் கைக்கு ஒரு வேலை வேண்டும். தலையணைகளை அடுக்கித் தாத்தாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, அவர் கேட்கும்போது கேட்டதை ஒரு கரண்டி கொடுக்கலாம். இருமினால் நிறுத்திவிட வேண்டும். விழுங்க முடியாத நிலை வந்தால், மெல்லிய துணியைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்து, ஈறு, நாக்கு, உள்கன்னம் என்று மெதுவாகத் துடைத்து, உதட்டில் வாஸ்லின் தடவிவிட வேண்டும். இறுதி நாள்களில் தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் வறட்சிதான். ஆகவே ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் இந்தப் பணிவிடை டிரிப்ஸைவிடப் பயன் தருகிறது. அப்பாவுக்குக் கற்றுக்கொடுங்கள், இதுவும் ஊட்டுவதுதான்.

வலியைத் தணிக்க மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ள மருந்து அது. தேவையறிந்து, சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது உயிரைப் பறிப்பதில்லை. மூச்சு வாங்கும் அவதியையும் அதுவே குறைக்கிறது. முதல் சில நாள்கள் தூக்கம் கூடுதலாக வரும், பிறகு பெரும்பாலும் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்கான மருந்தைக் கூடவே கொடுக்க வேண்டும். வலி தணிந்த மனிதரோடுதான் பேச முடியும் என்பதால், மருந்து கொடுத்து அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பேச உட்காருவது நல்லது.

வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். இறுதி நாள்களில் கை கால் குளிர்ந்துவிடும். முழங்காலிலும் பாதத்திலும் தோல் திட்டுத்திட்டாக ஊதா நிறமாகும். மூச்சு வேகமெடுத்து, மெல்லத் தணிந்து, சில நொடிகள் நின்று, மறுபடி தொடங்கும். 1818இல் ஜான் செய்னும் 1854இல் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரித்ததால் அவர்கள் இருவர் பெயராலும் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறோம். தொண்டையில் எச்சில் தங்கிக் கரகரவென்று சத்தம் வரலாம். கேட்பவர்களுக்கு அது பெரும் வேதனை, ஆனால் அந்த நிலையில் இருப்பவர் பொதுவாக அதை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பெரும்பாலும் சத்தம் குறையும். இறந்துபோன தன் தாயோ அண்ணனோ வந்து நிற்பதாக அவர் சொன்னால் மறுக்காதீர்கள். பலருக்கு அது ஆறுதலான காட்சி. அவர் மிரண்டு துடித்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்து உண்டு. சிலர் கடைசிக்கு முந்தைய நாளில் திடீரென்று தெளிந்து, பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதும் உண்டு. எல்லோருக்கும் நேர்வதில்லை என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி மூச்சின்போது பக்கத்தில் இல்லாமல் போய்விடுவேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லாமல் போகலாம். இரவு பகலாகக் கட்டிலை விட்டு நகராத மகள் முகம் கழுவப் போன ஐந்து நிமிடத்தில் உயிர் பிரிவதை இந்தத் துறையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் பார்த்திருக்கிறோம். அது அந்த மகளின் தவறில்லை. நீங்கள் வேறு ஊரில் இருக்கும்போது நிகழ்ந்தாலும் உங்கள் தவறில்லை. நேரம் நெருங்கியதென்று செய்தி வந்து, போய்ச் சேர முடியாத நிலையில் இருந்தால், அத்தையிடம் சொல்லிக் கைபேசியைத் தாத்தாவின் காதருகே வைக்கச் சொல்லிப் பேசுங்கள். 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்த அசைவும் மறுமொழியும் இல்லாமல் மரணத்தின் விளிம்பில் இருந்த நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்தபோது, ஒலியில் ஏற்படும் மாற்றங்களுக்குச் சிலருடைய மூளை உடல்நலமுள்ளவர்களின் மூளையைப் போலவே வினையாற்றியதைக் கண்டார்கள். கேட்பது அவர்களுக்குப் புரிகிறதா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் காது கேட்கிறது என்று எண்ணிப் பேசுவதற்கும், அவர் தலைமாட்டில் சொத்துப் பேச்சும் சண்டையும் கூடாது என்பதற்கும் அதுவே போதிய காரணம்.

அக்கா மகளை அழைத்துவரலாம், அவளுக்கு விருப்பமிருந்தால். தாத்தா எப்படி மெலிந்திருக்கிறார், எந்தக் குழாய் எதற்கு என்பதை முன்பே சொல்லிவிட்டு, போதும் என்று அவள் சொன்னதும் வெளியே கூட்டிப்போக ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் இறந்ததும் "தூங்கிவிட்டார்", "வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு தூங்கவே பயப்படும், அல்லது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டார், இதற்கு நீ காரணமில்லை என்று நேராகச் சொல்ல வேண்டும்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் உயிரோடிருக்கும்போதே உங்களுக்குத் துக்கம் தொடங்கிவிட்டது. அது இயல்பானது, அவரை முன்கூட்டியே கைவிடுவது ஆகாது. சீக்கிரம் முடிந்துவிட்டால் அவருக்கு நல்லது என்று ஒரு கணம் தோன்றினால் அதற்காக உங்களைத் தூற்றிக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் பணிவிடை செய்யும் அத்தைக்கும் அது தோன்றியிருக்கும், நீங்களே அதை முதலில் சொன்னால் அவருக்குப் பெரிய விடுதலை. துக்கம் ஐந்து படிகளில் வரிசையாக வந்து முடியும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, தங்கள் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. பின்னால் நிற்பவர்கள் ஏறிக் கடக்க வேண்டிய படிகளாக அதைக் கொள்ள வேண்டியதில்லை. ஆறு மாதங்களுக்குப் பிறகும் வேலையோ உறக்கமோ நிலைக்கு வராமல், அவரைத் தவிர வேறெதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதமெல்லாம் காத்திருக்காமல் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

புறப்படுவதற்கு முன் அத்தையை அழைத்து, தாத்தா நாளின் எந்த வேளையில் தெளிவாக இருக்கிறார், எந்தக் காது நன்றாகக் கேட்கிறது, வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்படுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் நாள்களில் இரவுப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டு அத்தையைத் தூங்கவிடுங்கள். தாத்தாவை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்பதை முதல் நாள் பகலிலேயே அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நடு இரவில் வலி கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம், யாரை அழைக்கலாம் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, அந்த எண்ணை உங்கள் கைபேசியிலும் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்.